தவக்காலத்தில் ‘நாம்’ என்பது யார்?

போன வருடம் தவக்காலம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது ஊரிலிருந்து பங்குத்தந்தை போன் செய்தார். “தம்பி, நீங்க என்னென்னமோ கட்டுரையெல்லாம் எழுதுறீங்களாமே. இந்த வருஷம் சிலுவைப்பாதைச் சிந்தனைகளை நம்ம ஊர் ஆளே எழுதினா என்ன?” என்றார். மறுக்கத் தோன்றவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாகச் சென்னையில் கோட் எழுதிப் பிழைக்கிறவனை ஊர் எழுத்தாளனாக அழைத்தது அதுதான் முதல் முறை.

பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சாம்பல் புதன் அன்று தொடங்கி ஈஸ்டருக்கு முன்புவரை போகிற நோன்புக் காலம்தான் தவக்காலம். எங்கள் ஆத்தா அதைத் தபசுகாலம் என்பார், சாம்பல் புதனை விபூதிப் புதன் என்பார். அந்த வாரங்களின் வெள்ளிக்கிழமை மாலைகளில் சிலுவைப்பாதை நடக்கும். இயேசுவுக்கு மரணத் தீர்ப்பு இடுவது முதல் அவரைக் கல்லறையில் வைப்பது வரை 14 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் மண்டியிட்டு எழுந்து, ஒரு சிந்தனை வாசித்து, ஒரு செபம் சொல்லி, பாடிக்கொண்டே அடுத்த நிலைக்குப் போவார்கள். அந்தச் சிந்தனை பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். அதைத்தான் நான் எழுத வேண்டும், 14 முறை.

ஒரு சனி ஞாயிறில் எழுதி முடித்தேன். ஒன்பதாம் நிலையில் இயேசு மூன்றாம் முறையாகக் கீழே விழுகிறார். அங்கே கொஞ்சம் துணிந்து சாதியைப் பற்றி எழுதினேன். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம் தெருவால் பிரிந்து நிற்கிறோம், நாம் சாதி பார்க்கிறோம், நம் ஒவ்வொருவரின் பாரமும் சேர்ந்துதான் அவரை மூன்றாம் முறை வீழ்த்தியது என்று போகும். எழுதி முடித்தபோது எனக்கே ஒரு சிலிர்ப்பு. ஃபாதரும் படித்துவிட்டு, “தைரியமா எழுதியிருக்கீங்க தம்பி” என்றார்.

ஒவ்வொரு நிலையையும் ஒருவர் வாசிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஒன்பதாம் நிலை கீழத்தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் போனது. பி.எட். படிக்கிறவள், கணீரென்ற குரல். இரண்டு நாள் முன்னதாக என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒரு சந்தேகம். ‘நாம் சாதி பார்க்கிறோம்’னு எழுதியிருக்கீங்கல்ல? அதை நான்தான் மைக்ல வாசிக்கணும். அதுல நாங்களும் சேத்தியா?”

நான் சமாளித்தேன். “பொதுவா சொல்றதும்மா. சமூகம்னு எடுத்துக்க.”

“சரிங்கண்ணே” என்றாள். வெள்ளிக்கிழமை அதை எழுதியபடியே வாசித்தாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

அந்தக் கேள்வி ஒரு வருடமாக என்னோடு இருக்கிறது. முதலில் அது ஒரு மனத்தாங்கல் என்று நினைத்தேன். பிறகுதான் அது ஒரு இலக்கிய விமர்சனம் என்று புரிந்தது. என் பிரதியைப் பற்றி யாரும் சொன்னதில் மிகச் சரியான விமர்சனம். அவள் இரண்டே சொற்களை எதிரெதிரே வைத்தாள்: நான் எழுதிய ‘நாம்’, அவள் சொன்ன ‘நாங்கள்’. தவக்காலச் சிந்தனை என்ற எழுத்து வகை எங்கே தோற்கிறது, எப்போதாவது எப்படி ஜெயிக்கிறது என்பதை இந்த இரண்டு சொற்களை வைத்தே பேசிவிடலாம் என்று எனக்குப் படுகிறது.

*

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்வது நாம், கேட்கிறவரை வெளியே நிறுத்திப் பேசுவது நாங்கள். முதலாவதை இலக்கணக்காரர்கள் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள். லத்தீனுக்கும் இத்தாலிய மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இந்த வசதி கிடையாது, அங்கே ஒரே சொல்தான். அதனால் ரோமிலிருந்து வரும் எந்த உரையைத் தமிழாக்குகிறவரும் ஒவ்வொரு பன்மையிலும் நின்று முடிவெடுத்தாக வேண்டும்: இங்கே யார் உள்ளே, யார் வெளியே?

கோயில் தமிழில் இது தானாக ஒழுங்காகியிருக்கிறது. கடவுளிடம் பேசும்போது ‘நாங்கள்’. ‘நாம் பாவிகள்’ என்று கடவுளிடம் சொன்னால் அவரையும் சேர்த்துக்கொண்டதாகிவிடும். பிரசங்கத்தில் சாமியார் மக்களைப் பார்த்துப் பேசும்போது ‘நாம்’. பாவசங்கீர்த்தனத்தில் ‘நான்’. பூசை தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையிலும் ‘நான்’தான். முந்நூறு பேர் ஒரே குரலில் ஒருமையில் பேசுகிறார்கள். செய்த பாவத்தோடு, செய்யத் தவறிய கடமையையும் அவரவர் பெயரிலேயே ஒப்புக்கொள்கிறார்கள்.

சாம்பல் புதனின் பதிலுரைப் பாடலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். அன்று பாடப்படுவது 51ஆம் திருப்பாடல். தாவீது ஊரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு ஊரியாவைக் கொல்லவைத்த பிறகு பாடியதாக மரபு சொல்லும் பாடல். அதன் வரிகள் முழுக்கத் தன்மை ஒருமை: என் குற்றம், என் பாவம். மக்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பல்லவி மட்டும் பன்மை. தனி ஒருவனின் அறிக்கைமேல் ஊர் தன் குரலை வைக்கிறது. ஆனால் அந்தப் பன்மை நிற்பதற்குக் கீழே ஒரு ஒருமை இருக்கிறது, அதற்கு ஒரு பெயரும் ஒரு செயலும் இருக்கின்றன. தாவீதிடம் இறைவாக்கினர் நாத்தான் போனபோது, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையைச் சொல்லி, தாவீது கோபப்பட்டதும், அந்த மனிதன் நீதான் என்று முன்னிலை ஒருமையில் முடித்தார். நாம் எல்லோருமே ஒருவகையில் அப்படித்தான் என்று நாத்தான் முடித்திருந்தால் தாவீதும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான்.

*

இந்த எழுத்து வகைக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. தமிழில் அச்சான மிகப் பழைய புத்தகங்களில் ஒன்றே பாவத்தைக் குறித்து யோசிக்கச் சொல்லும் புத்தகம்தான். என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். 1580இல் கொச்சியில் அவர் வெளியிட்டது ‘கொம்பெசியோனாயரு’. முத்துக்குளித்துறை மக்களுக்கான பாவசங்கீர்த்தனக் கையேடு அது. 440 வருடங்களுக்கு மேலாகத் தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் மனச்சாட்சியை அச்சுப் புத்தகம் வைத்துச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள்.

சிலுவைப்பாதையின் வடிவம் அதற்குப் பிறகு உறுதியானது. நிலைகள் 14 என்று போப் பன்னிரண்டாம் கிளமெண்ட் 1731இல் நிலைப்படுத்தினார். அதே நூற்றாண்டில் அல்போன்ஸ் லிகோரி எழுதிய சிலுவைப்பாதைச் செபங்கள் உலகம் முழுக்கப் பரவின. என் ஆத்தாவின் அட்டை கிழிந்த செபப் புத்தகத்திலிருந்த சிலுவைப்பாதையும் அந்தச் சாயல் கொண்டதுதான். அதில் வாக்கியத்துக்கு ஒரு ‘நான்’ இருக்கும். உம்மை அடித்தது சேவகர்கள் இல்லை, நான். ஆணியாக இறங்கியது என் பாவம். இதுதான் அதன் ஒரே கருத்து, 14 நிலைக்கும்.

சின்ன வயதில் அந்த மொழி எனக்குப் பயமாக இருந்தது. இப்போது வாசித்தால் அதன் வேலைப்பாடு புரிகிறது. ஒவ்வொரு நிலையிலும் அது வாசிக்கிறவரைக் காட்சிக்குள் இழுத்துவிடுகிறது, வேடிக்கை பார்க்க இடம் தருவதில்லை. கையைக் கழுவும் பிலாத்துவைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தால் உன் கையைப் பார் என்கிறது. 

குறைகளும் பெரியவை. எட்டுப் பிள்ளை பெற்று, கதிர் அறுத்து, மூன்று பிள்ளைகளைப் புதைத்த ஆத்தா, ஆண்டவரை ஆணியடித்தது தான்தான் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழுதார். எந்தப் பாவத்தால் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. புத்தகத்திலும் அது இல்லை. அந்த ‘நான்’ தீவிரமானது, ஆனால் உள்ளே காலி. அதற்குள் யாரை வேண்டுமானாலும் போடலாம். வட்டிக்கு விட்டவரும் வட்டி கட்டியவரும் ஒரே ‘நான்’ சொல்லி ஒரே மாதிரி அழுவார்கள். இன்னொன்று, பழைய பிரதிகளில் இந்த ‘நான்’ தளர்ந்த இடங்களிலெல்லாம் ‘அவர்கள்’ வந்துவிடும். ஒரு இனத்தையே கொலைகாரர்களாக்கும் ‘யூதர்கள்’. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பொறுப்பாக்கக் கூடாது என்று அறிவிக்கும் வரை அந்தச் சொல் தேவாலயங்களில் என்ன வேலை செய்தது என்பதற்கு ஐரோப்பிய வரலாறே சாட்சி.

*

அதே சங்கம்தான் ‘நாம்’ வருவதற்கும் வழி திறந்தது. 1963இல் வந்த திருவழிபாட்டு ஏடு, தவக்காலத் தவமுயற்சி அகத்தோடும் தனி ஆளோடும் நின்றுவிடாமல் புறத்திலும் சமூகத்திலும் நடக்க வேண்டும் என்றது. 1966இல் போப் ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்தினார். கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் என்று சுருங்கியது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து தவக்காலம் தெருவுக்கு வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தமிழ்ச் சிலுவைப்பாதைகளும் மாறின. வறுமை, வரதட்சணை, குடி, கொத்தடிமை, பெண்சிசுக்கொலை எல்லாம் நிலைகளுக்குள் வந்தன. வெரோனிக்கா துணி நீட்டும் இடத்தில் ஒரு செவிலியரும், சீமோன் சிலுவை சுமக்கும் இடத்தில் ஒரு தொழிற்சங்கக்காரரும் தெரிய ஆரம்பித்தார்கள். இது பெரிய நல்ல மாற்றம். ஆத்தாவின் புத்தகத்தில் இல்லாத உள்ளடக்கம் கடைசியில் கிடைத்தது.

அந்தப் பாதையில் தன்மை ஒருமை தொலைந்துபோனது. கொத்தடிமைத்தனம் என்று எழுதும்போது ‘நான்’ போட முடியாது. ‘சமூகம்’ என்று போட்டால் யாரோ மாதிரி இருக்கிறது. ‘நாம்’ போட்டால் அடக்கமாகவும் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஐம்பது வருடத்தில் அது ஒரு அனிச்சைப் பழக்கம் ஆகிவிட்டது.

இப்போது தவக்காலத்தில் தினமும் காலையில் போனுக்கு வரும் சிந்தனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை ஒரே அச்சு. முதலில் ஒரு கதை: நாற்பது வயதில் அலகை உடைத்துக்கொண்டு புது வாழ்வு பெறும் கழுகு, அல்லது சவப்பெட்டிக்கு வெளியே கையை நீட்டி வைக்கச் சொன்ன அலெக்சாண்டர். (கழுகு அப்படியெல்லாம் செய்வதில்லை. அது இருக்கட்டும்.) அடுத்து அன்றைய வாசகத்திலிருந்து ஒரு வரி. கடைசியில், நாம் எப்படி இருக்கிறோம், சிந்திப்போமா என்று ஒரு கேள்வி. இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் அதன் வசதி. கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விடலாம். நானும் போட்டிருக்கிறேன்.

என் தொழிலில் இதற்கு நேரெதிரான ஒரு எழுத்து வகை உண்டு. சர்வர் விழுந்து வாடிக்கையாளர்கள் அல்லாடிய மறுநாள் எழுதும் போஸ்ட்மார்ட்டம். அதில் யார் மேலும் பழி போடக் கூடாது என்பது விதி. தனி ஆளைக் குறைசொன்னால் அடுத்த முறை அவர் மறைப்பார், கோளாறு எங்கே என்று தெரியாமலே போகும் என்பது அதற்குக் காரணம். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் ‘நாம்’ வகைதான். ஆனால் பழியை எடுத்த இடத்தில் வேறு விஷயங்களை அது கட்டாயமாகக் கேட்கும். எத்தனை மணிக்கு எந்த மாற்றம் போனது, எந்த எச்சரிக்கை வந்தும் யாரும் பார்க்கவில்லை, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள். கடைசியில் ஒரு பட்டியல்: என்ன சரிசெய்ய வேண்டும், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். அந்தப் பொறுப்பாளர் கட்டத்தில் ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். ‘டீம்’ என்று போட்ட வேலை எதுவும் முடிந்து நான் பார்த்ததில்லை.

என் ஒன்பதாம் நிலையில் நான் எழுதியது இந்தக் கட்டத்தில் ‘டீம்’ என்று போட்ட மாதிரி. பழியும் இல்லை, தேதியும் இல்லை, ஆளும் இல்லை. விவிலியத்தில் வரிவசூலிக்கும் சக்கேயு இதைவிட நல்ல போஸ்ட்மார்ட்டம் எழுதுகிறான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது இருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்கிறான். பாதி, நான்கு மடங்கு. அவன் மனம் மாறியது எண்களில் தெரிகிறது.

*

சமகாலத் தவக்கால எழுத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 2020ஆம் வருடப் பெரிய வெள்ளியின் சிலுவைப்பாதை. ரோமில் கொலோசியத்தில் போப் தலைமையில் வருடாவருடம் நடக்கும் அந்த வழிபாட்டுக்கு ஒவ்வொரு வருடமும் யாராவது சிந்தனைகள் எழுதுவார்கள். 2005இல் எழுதியவர் கர்தினால் ராட்சிங்கர். 2020இல் கொரோனா. கூட்டமே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில், ஏப்ரல் 10 இரவு அது நடந்தது. அந்த வருடம் எழுதியவர்கள் இத்தாலியில் பதுவா நகரச் சிறையோடு தொடர்புடைய மனிதர்கள்.

முதல் நிலையை எழுதியவர் ஒரு ஆயுள் கைதி. இரண்டாம் நிலை, மகளைக் கொலையில் பறிகொடுத்த பெற்றோருடையது. நான்காம் நிலையில் இயேசு தாயைச் சந்திக்கிறார், அதை எழுதியவர் ஒரு கைதியின் தாய். எட்டாம் நிலை ஆயுள் கைதி ஒருவரின் மகள். பதினோராம் நிலை, குற்றம் சாட்டப்பட்டு வருடக்கணக்கில் வழக்கை நடத்தி விடுதலையான ஒரு குரு. பன்னிரண்டு ஒரு நீதிபதி. கடைசியாகக் கல்லறை நிலை, ஒரு சிறைக் காவலர்.

இலக்கியமாக இந்தச் சிந்தனைகள் எளிமையானவை. சில இடங்களில் ஆலோசகர்களின் கை தெரிகிறது. ஆனாலும் அதைப் படித்துவிட்டு மூடும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் அமைப்பில் இருக்கிறது. கொலை செய்தவரும், கொலையானவளின் பெற்றோரும், தீர்ப்பு எழுதுகிறவரும், பூட்டுகிறவரும் ஒரே பிரதிக்குள் இருக்கிறார்கள். ஆனால் யாரும் யாருக்காகவும் பேசவில்லை. ஆளுக்கு ஒரு நிலை. கைதியின் ‘நான்’ பெற்றோரின் வலியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை. பெற்றோர் கைதியை மன்னித்துவிட்டதாக எழுதும்படி யாரும் அவர்களை நெருக்கவில்லை. அவர்களை ஒன்றுசேர்ப்பது நடுவில் போகும் சிலுவை மட்டும்தான்.

சிலுவைப்பாதை என்ற வடிவத்துக்கே இந்தக் குணம் உண்டு என்று அதைப் படித்த பிறகுதான் உறைத்தது. 14 நிலை என்பது 14 நிற்குமிடம். பிலாத்து ஒரு இடத்தில், தாய் ஒரு இடத்தில், வழியில் போய்க்கொண்டிருந்தபோது பிடித்து இழுக்கப்பட்ட சீமோன் ஒரு இடத்தில், அழும் பெண்கள் ஒரு இடத்தில். யார் எங்கே நின்றார்கள் என்பதில் அந்த வடிவம் மிகக் கறாரானது. அந்த 14 இடங்களையும் ஒரே ‘நாம்’ போட்டு மெழுகுவது வடிவத்துக்கு எதிராக எழுதுவது.

இரண்டு வருடம் கழித்து, 2022இல், அதே வழிபாட்டில் இந்தச் சிக்கல் வெளிப்படையாகவே வெடித்தது. உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பதின்மூன்றாம் நிலையில் ஒரு உக்ரைன் பெண்ணும் ஒரு ரஷ்யப் பெண்ணும் சேர்ந்து சிலுவையைப் பிடிப்பதாக ஏற்பாடு. இருவரும் ரோமில் வாழும் தோழிகள். அவர்களுக்காக வெளியிடப்பட்டிருந்த சிந்தனை, இரண்டு குடும்பங்களின் துயரத்தையும் ஒரே பன்மையில் சொன்னது. உக்ரைன் தரப்பிலிருந்து, கத்தோலிக்கப் பேராயர் உட்பட, கடும் எதிர்ப்பு வந்தது. குண்டு போடுகிறவர்களையும் குண்டு விழுகிறவர்களையும் ஒரே வாக்கியத்தில் எப்படி வைப்பீர்கள்? ஏப்ரல் 15 இரவு தோழிகள் இருவரும் சிலுவையைப் பிடித்தார்கள். சிந்தனை மட்டும் ஓரிரு வரியாகச் சுருக்கப்பட்டு, மீதி இடம் மௌனமாக விடப்பட்டது.

அந்தத் தோழிகளின் நட்பு பொய் இல்லை. ஆனால் அவர்கள் இருவரும் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ‘நாம்’ வேறு, எழுதிக் கொடுப்பவர் அவர்கள் வாயில் வைக்கும் ‘நாம்’ வேறு. இத்தாலிய மொழியில் நாம், நாங்கள் என்ற பிரிவே இல்லை. இருந்தும் அடிபட்டவர்களின் காதுக்கு அந்த வித்தியாசம் கேட்டுவிட்டது. கீழத்தெருப் பெண்ணுக்கும் அதுதான் கேட்டது.

*

கீழத்தெரு என்று சொல்லிக்கொண்டே போகிறேன், ஊரைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் கத்தோலிக்கர். கோயில் தெரு எங்களுடையது, கீழத்தெரு தலித் மக்களுடையது. கோயிலுக்குள் பந்தி வேறுபாடு இல்லை, நற்கருணைக்கு ஒரே வரிசைதான். திருவிழாவில் தேர் கோயில் தெருவைச் சுற்றிவிட்டு, கீழத்தெரு முனைக்கு வந்து ஒரு நிமிடம் நின்று, திரும்பிவிடும். கேட்டால் தெரு குறுகல், கரண்டுக் கம்பி தாழ்வு என்பார்கள். அதே தெருவுக்குள் வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் போய்வரும். திருவிழாவுக்குக் கோயில் தெருவில் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி. கீழத்தெருவில் வாங்குவது நன்கொடை. தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வரி கட்டினால் ஊர்க்கூட்டத்தில் பேச உரிமை வந்துவிடும், நன்கொடைக்கு ரசீது மட்டும்தான் வரும்.

இது எங்கள் ஊரின் விசித்திரம் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றி எத்தனையோ செய்திகள் வந்துவிட்டன. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அந்தத் தகராறு 2008 மார்ச் 9 அன்று வன்முறையாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அந்த வருட அட்டவணைப்படி அன்றைய நற்செய்தி, செத்து நான்கு நாளான லாசர் கல்லறையிலிருந்து எழுந்து வரும் பகுதி. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அதாவது, உள்ளடக்கம் ஆவணமாகவே இருக்கிறது. தவக்காலச் சிந்தனை எழுதுகிறவருக்குத் தகவல் பஞ்சமெல்லாம் இல்லை.

இந்தப் பின்னணியில் என் வாக்கியத்தை மறுபடி வாசியுங்கள். ‘நாம் சாதி பார்க்கிறோம்.’ தேர் நுழையாத தெருவில் பிறந்த ஒருத்தி, தேர் திரும்பும் அதே முனையில் நின்று, மைக்கில் அதை வாசிக்கிறாள். ஒன்பதாம் நிலை அங்கேதான் நிற்கும். செய்தவர்களின் பாவத்தைச் செய்யப்பட்டவள் தன் வாயால் ஒப்புக்கொள்கிறாள், அதையும் அழகான தமிழில். நான் சாதியை எதிர்த்து எழுதினேன் என்று நினைத்திருந்தேன். அவளை எங்களோடு சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். தேரில் சேர்க்காத எங்கள் தெரு, பாவத்தில் மட்டும் அவர்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டது.

*

இதற்கு மறுப்புகள் உண்டு. ஒருவர் சொன்னார்: மைக்கில் ‘நான்’ என்று ஆரம்பித்தால் அது நாடகமாகிவிடும், நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், பிறர் பார்க்கச் செய்யாதே என்று சாம்பல் புதன் நற்செய்தியே சொல்கிறதே? உண்மைதான். பாவத்தைக் காட்சிக்கு வைப்பதும் ஒரு பெருமைதான், இந்தக் கட்டுரையிலும் அதன் வாடை இருக்கலாம். இன்னொருவர் கேட்டார்: சாதி என்பது அமைப்பு, அதை ஒரு தனி ஆளின் பாவமாகச் சுருக்கலாமா? இதற்கு 1984இல் இரண்டாம் ஜான் பால் எழுதிய மடலில் ஒரு பதில் இருக்கிறது. சமூகப் பாவம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது பல தனி மனிதர்களின் பாவங்கள் சேர்ந்து கெட்டிப்பட்டது என்கிறார். தீமையைச் செய்தவர்கள், அதனால் லாபம் அடைந்தவர்கள், தடுக்க முடிந்தும் சோம்பலாலோ பயத்தாலோ சும்மா இருந்தவர்கள் என்று ஆட்களை எண்ணுகிறார். அந்தக் கடைசி வகையில் நான் என்னைத் தேட வேண்டியதே இல்லை.

ஆக, பழைய ‘நான்’ போதாது, அது காலியானது. புதிய ‘நாம்’ எல்லோரையும் மூடிவிடுகிறது. கேட்க வந்தவள் பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். ‘நாங்கள்.’ அது தனி ஆளைவிடப் பெரியது, அதனால் ஒரு தெருவின் பாவத்தைத் தாங்கும். அதே சமயம் அதைச் சொல்ல வேண்டுமானால் எதிரே ‘நீங்கள்’ என்று ஒருவர் நின்றாக வேண்டும். ‘நாம்’ சொல்கிறவர் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. ‘நாங்கள்’ சொல்கிறவர் யாருடைய முகத்தையாவது பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தவக்காலச் சிந்தனை எழுதும் எவருக்கும் தமிழ் இலவசமாகத் தந்திருக்கும் கருவி இது. கடவுளிடம் பேச மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, பக்கத்துத் தெருவிடம் பேசும்போது மறந்துவிடுகிறோம். இந்த இடத்தில் ‘மறந்துவிடுகிறோம்’ என்று எழுதியது யார் யாரைச் சேர்த்து என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்விதான்.

இந்த வருடமும் ஃபாதர் சிந்தனைகள் கேட்டிருக்கிறார். ஒன்பதாம் நிலையை மாற்றி எழுதி அனுப்பினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. இதை யார் வாசிக்கிறது?”

அவருடைய கேள்வியில் இருந்த சங்கடம் புரிந்தது. அந்தப் பெண்ணிடம் கொடுக்க முடியாது. இந்த ‘நாங்கள்’ அவளுடையது இல்லை. கோயில் தெருவில் வேறு யாரிடமும் கொடுக்கவும் முடியாது.

நான் எழுதியிருப்பது இதுதான்:

‘எங்கள் தெருவைத் தேர் சுற்றி வருகிறது. உங்கள் தெரு முனையில் திரும்பிவிடுகிறது. தேரின் பாதையை முடிவுசெய்த கூட்டத்தில் என் அப்பா கையெழுத்துப் போட்டார். அன்று நான் ஊரில்தான் இருந்தேன், கூட்டத்துக்குப் போகவில்லை. கரண்டுக் கம்பி காரணமில்லை என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த திருவிழாவுக்கு முன் ஊர்க்கூட்டத்தில் இதை நான் கேட்பேன்.’

ஆறு வாக்கியம். உருவகம் எதுவும் இல்லை. என் நடைக்குக் கொஞ்சம் வறட்சிதான். அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். “அப்பா பேரை எடுக்கக் கூடாதா?” என்று கேட்டார். எடுத்துவிட்டால் மறுபடி ‘டீம்’ ஆகிவிடும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அப்பாவிடமே முதலில் சொல்லிவிடுகிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. 

ஃபாதரிடம் நானே வந்து வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். தவக்காலத்தின் ஐந்தாவது வெள்ளிக்கு லீவு போட்டாயிற்று.